இவருடைய இடது கை, என்னுடைய வலது கை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆறு பொய்ப்பல் செய்து முடித்தேன். நான்கு முன்பல், இரண்டு கடைவாய்ப் பல். போன வாரம் கொடுத்ததில் ஒன்றை, நிறம் சேரவில்லை என்று பல் டாக்டர் திருப்பி அனுப்பியிருக்கிறார். நிறமெல்லாம் சேரும். அவர்தான் கிளினிக்கில் விளக்கை மாற்றியிருக்கிறார். சொன்னால் கேட்கவா போகிறார்? மறுபடி செய்ய எடுத்து வைத்துவிட்டேன்.

முன்னறைதான் என் வேலைக்கூடம். பீங்கான் பொடி, தூரிகைகள், கைப்பெட்டி அளவில் ஓர் உலை. உள்ளறையில் இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நவம்பரில் மூளையில் அடைப்பு வந்ததிலிருந்து வலது கை அசைவதில்லை. வலது காலை இழுத்து இழுத்துத் தடியூன்றி நடக்கிறார். பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். “வேண்டாம்.” டீ கொண்டுபோனால் “வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுவார்.

இருபத்தாறு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு பிரேக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பேசியபடியே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவர். கல்யாணமான புதிதில், “ஐயோ, கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன்” என்று கெஞ்சியிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். பூனை, குடை, சாவி என்று பட அட்டைகளை எடுத்து நீட்டினாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் “சொல்லுங்க, பூனை, பூ-னை” என்று பக்கத்தில் நின்று பிடுங்கினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: “பேச வராதது ஒரு பக்கம் இருக்கட்டும்மா. இவருக்குப் பேசணும்ங்கிற ஆசையே விட்டுப்போச்சு. அதுக்கு என்கிட்ட அட்டை இல்ல. எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரும் ஏதாவது விளையாட்டா பண்ணுங்க.”

விளையாட்டா? நானா? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினால் கடிக்க முடியாது என்று பயந்து பயந்து இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் நான். இந்த வீட்டைச் சிரிக்க வைத்ததெல்லாம் இவர்தான். நான் கணக்குப் பார்ப்பவள். இப்போதும் அதைத்தான் செய்கிறேன்: சமையலறைக் கதவில் அட்டவணை, எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பதுக்குப் பந்து அமுக்குவது இருபது தடவை, பத்துக்கு நடை. வீட்டை வார்டு ஆக்கிவிட்டேன். எனக்கு நோயாளி வேணாம். எனக்கு என் ஆளு வேணும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் கேக்கல.

மார்ச் 8, சனி

பழைய லாரி ஷெட் ஒன்றில் மண்பாண்டம் செய்யச் சொல்லித்தருகிறார்கள் என்று நோட்டீஸ் பார்த்து, கைக்குப் பயிற்சியாக இருக்கும் என்று இவரை இழுத்துப்போனேன். சொல்லித்தருகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சந்து. பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அவள் அந்தச் சந்து தெரிய வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தால் அடைக்க மனம் வராது. சந்துப்பல் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

இவர் சக்கரத்தின் பக்கமே வரவில்லை. “வேண்டாம்.” ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, வந்ததற்கு நானாவது செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். மண் உருண்டையை நடுவில் ஒட்டி, காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றும். டீச்சர் “மெதுவா மிதிங்கக்கா” என்றாள். மிதித்தேன். எவ்வளவு மெதுவாக என்று எனக்குத் தெரியவில்லை. சக்கரம் பறந்தது, உருண்டை பெயர்ந்து எதிர்ச் சுவரில் போய்ப் பொத்தென்று அப்பிக்கொண்டது.

“பிரேக்!”

ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவர். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இடது காலைத் தரையில் ஓங்கி மிதித்தபடி. அந்தக் குரல், முழுசாக, தெளிவாக, நான் நாலு மாதமாகக் கேட்காத குரல். சொன்ன பிறகு என்னைவிட அவர்தான் அதிகம் மிரண்டுபோனார். நான் மண் கையோடு வாயைப் பொத்திக்கொண்டேன். நாக்கில் இன்னும் மண்ருசி இருக்கிறது. கழுவவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பிரேக். எழுதிப் பார்த்தாலே இனிக்கிறது.

மார்ச் 12, புதன்

கெடுத்துட்டேன். நானே என் கையால கெடுத்துட்டேன். பேச்சுப் பயிற்சிப் பெண் போனில் சொன்னாள்: வருஷக்கணக்காக வாயில் பழகின சொல் யோசிக்காமல் வரும், நல்ல அறிகுறி, கட்டாயப்படுத்தாதீங்க. கடைசி வார்த்தை மட்டும் என் காதில் ஏறவில்லை. அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்: “பிரேக் - காலை பத்து, மாலை பத்து.” முந்தாநாளிலிருந்து கைதட்டிக் கைதட்டி, சொல்லுங்க, சொல்லுங்க என்று. இன்றைக்கு அந்த “வேண்டாம்”கூட இல்லை. சுவர், சுவர், சுவர். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 15, சனி

அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மாத்திரை நேரம் மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்று மண் வகுப்புக்கு நான் மட்டும் போவதாகத்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், இவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். இடது காலில் செருப்பு. வலது செருப்பு கையில். மாட்டிவிடட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஏழெட்டு நிமிஷம் ஆனது. அவரே மாட்டிக்கொண்டார்.

சந்துப்பல் டீச்சர் பெடலை எடுத்து நேராக இவர் இடது காலுக்கு அடியில் தள்ளினாள். “சார், இந்த அக்காவுக்கு லைசென்ஸ் கிடையாது. நீங்க வண்டியப் பாத்துக்கங்க, அவங்க மண்ணப் பாத்துக்கட்டும்.”

பார்த்துக்கொண்டார்! நான் தண்ணீர் தொட்டால் வேகம் குறைகிறது. கையை வைத்தால் ஏறுகிறது. கை தடுமாறினால், நான் உணர்வதற்கு முன்பே சக்கரம் தாழ்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் பேர் கைகளைப் பார்த்த கண் அது. ஒரு கட்டத்தில் மண் ஆட்டத்தை நிறுத்தியது. சுற்றுகிறது, ஆனால் சுற்றுவதே தெரியவில்லை. உள்ளங்கைக்குள் அசையாமல் நின்றது. டீச்சர் கிசுகிசுத்தாள்: “நடு பிடிச்சிட்டீங்கக்கா.” எனக்கு மூச்சுவிடப் பயமாக இருந்தது. அவ்வளவு வேகத்துக்கு உள்ளே இப்படி ஓர் அமைதி இருக்கும் என்று இந்த வயது வரை யாருமே எனக்குச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தால் இவரும் மண்ணையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாலு மாதத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே பொருளைப் பார்த்தோம்.

மார்ச் 22, சனி

மறக்கக்கூடாது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

நடு பிடிக்க வருகிறது, ஆனால் பானையின் சுவரைத் தூக்க எனக்கு வரவில்லை. உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, நடுவில் மண் மேலேற வேண்டும். என் இரண்டு கையும் ஒன்றை ஒன்று நம்பாமல் அமுக்கி, மூன்று தடவை கிழித்தேன். டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “அக்கா, உங்களுக்கு ரெண்டு கை இருக்கு, ரெண்டும் சண்டை போடுது. சாருக்கு ஒரு கைதான், அது சும்மா இருக்கு. ஒண்ணக் கடன் வாங்குவமா?”

ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள். இடப்பக்கம் இவர், வலப்பக்கம் நான், தோளோடு தோள். இவருடைய இடது கை பானைக்கு உள்ளே. என்னுடைய வலது கை வெளியே. நடுவில் இருந்த இரண்டு கைகளுக்கும் வேலை இல்லை. இவர் வலது கை மடியில் கிடந்தது. என் இடது கையை இவர் சரியாமல் இருக்க முதுகைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பெடல் இவர் காலில்.

ஒரு விரல் தடிமன் மண்ணுக்கு அந்தப் பக்கம் இவர் விரல், இந்தப் பக்கம் என் விரல். தொடவில்லை. ஆனால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, எல்லாம் தெரிகிறது. இவர் கொஞ்சம் மேலே போனால் நானும் போகிறேன். நான் தயங்கினால் இவர் நிற்கிறார். நாலு மாதமாக இந்த மனிதரின் நாடியைப் பிடித்திருக்கிறேன், நகம் வெட்டியிருக்கிறேன், சட்டை மாற்றியிருக்கிறேன். ஒருமுறைகூட இவர் கை என் கைக்குப் பதில் சொன்னதாகத் தோன்றியதில்லை. இன்று மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னது. சுவர் எழுந்தது. ஓரங்குலம், இரண்டு, மூன்று. யார் தூக்குகிறோம்? நானா? இவரா? தெரியவில்லை, அது பாட்டுக்கு வந்தது.

“மெதுவா,” என்றார். அவரே. “மெதுவா... மெதுவா... விடு.”

விட்டேன். சக்கரம் தாழ்ந்து நின்றது. கோணலாக, ஒரு பக்கம் குண்டாக, ஒரு பானை. இரண்டு பேரும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தோம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண் பட்டுவிட்டது என்று பொய் சொன்னாள்.

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தாள். இவருடைய தங்கை. அண்ணனுக்குப் பேச்சுதான் போனது, காது போகவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் போனைக் கொடுத்தால் கத்துவாள். “இந்த வயசுல ரெண்டு பேரும் மண்ணுல விளையாடுறீங்களாமே அண்ணி!” ஆமாம் என்றேன்.

மார்ச் 29, சனி

இன்று ஒரு நல்ல பானை வந்தது. நேராக, வட்டமாக, பார்த்தாலே பெருமையாக. அளவுகோலை எடுக்கப் பையைத் திறந்தேன். நிமிர்ந்தால், இவர் பானையின் வயிற்றில் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே! என் கண்ணைப் பார்த்துக்கொண்டே!

கத்தியிருப்பேன். பல்லைக் கடித்து அடக்கினேன். பார்த்தால் அந்தப் பள்ளம் ஒரு கன்னக்குழி மாதிரி இருந்தது. எனக்கு என்ன ஆனதோ, எதிர்ப் பக்கத்தில் நானும் ஒன்று அமுக்கினேன். இவர் மண்ணில் ஒரு துண்டு கிள்ளி மூக்கு வைத்தார். நான் காது வைத்தேன். இவர் ஒரு காதைப் பிடுங்கிப்போட்டார். “ஏங்க!” என்றேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

என் வேலை நன்றாக இருந்தால் அது யார் கண்ணிலும் படக்கூடாது. பொய்ப்பல் பொய்ப்பல்லாகத் தெரிந்தால் தோற்றேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, தப்பும் தவறுமாக, ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை இன்றுதான் செய்தேன். என்ன சுகம்!

ஏப்ரல் 5, சனி

மூன்று கிலோ மண்ணில் ஜாடி ஒன்று, இருவரும் சேர்ந்து. வாய் 100 மில்லிமீட்டர். மூடி நான் தனியாகச் செய்தேன். மண் சுட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்குமாம். கணக்குப் போட்டு 114 வைத்தேன். டீச்சர் வேறொருவர் சக்கரத்தில் இருந்தாள், கேட்கவில்லை. இந்த விஷயத்தில் யாரைக் கேட்க வேண்டும் நான்?

ஏப்ரல் 26, சனி

சூளை திறக்கிற நாள்.

எனக்கு உலை புதிதில்லை. தினமும் தொள்ளாயிரம் டிகிரியில் பல் சுட்டு எடுப்பவள். அலட்டிக்கொள்ளாமல்தான் நின்றேன். சூளையின் மூடியைத் தூக்கியதும் சூடு முகத்தில் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் பூசி அனுப்பியது சாம்பல் நிறக் குழம்பு, சிமெண்ட் கரைத்தது போல. வெளியே வந்தது பச்சை. இல்லை, நீலம். விரல் அழுத்திய பள்ளங்களில் ஆழமான நீலமாகத் தேங்கி, மேட்டில் பச்சையாக வழிந்து... பல்லுக்கு நிறம் பார்க்கிற என் அட்டையில் பதினாறு வெள்ளை இருக்கிறது. அந்தப் பதினாறுக்குள்ளேயே ஆயுள் போய்விட்டதே என்று இருந்தது. ஜாடியின் உள்ளே கையை விட்டுத் தடவினேன். இவர் விரல் ஓடிய தடம், வளையம் வளையமாக, கல்லாகிவிட்டது. மண் ஈரமாக இருந்தபோது ஒரு நொடி அழுத்தியது, இனி அழியாது. அதை எத்தனை தடவை தடவினேனோ.

பிறகு மூடி. “மூடி எங்க?” என்றேன். டீச்சர் விழித்தாள். “மூடியா? இந்தக் கிண்ணமா? ஜாடிக்குச் சம்பந்தமில்லாத அளவா இருக்கே, பழம் வைக்கிற கிண்ணம்னுல்ல நெனச்சேன்!”

கவிழ்த்து வைத்தேன். மூடி வாயில் உட்காரவில்லை. வாயைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, தோள் வரை சரசரவென்று இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் உறைத்தது. பல்லில், அடியில் இருக்கும் உலோகம் சுருங்காது; மேலே வைக்கிற பீங்கான் மட்டும்தான் சுருங்கும். அதனால் எப்போதும் பெரிதாக வைத்தே பழக்கம். இங்கே ஜாடியும் மண், மூடியும் மண். இரண்டும் சேர்ந்தே சுருங்கும்! ஒரு குழந்தைக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷ அனுபவசாலிக்குத் தெரியவில்லை.

“தொப்பி,” என்றார் இவர்.

ஜாடியைக் காட்டினார். என்னைக் காட்டினார். “தொப்பி!” அப்புறம் சிரித்தார். முதலில் மூச்சு மட்டும், குலுங்கிக் குலுங்கி. பிறகு சத்தம். ஒரு பக்கம்தான் வாய் விரிகிறது, அது போதும், எனக்கு அந்த ஒரு பக்கமே முப்பத்திரண்டு பல்லாகத் தெரிந்தது. நானும் சிரித்தேன். தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்க, என் தப்பைப் பார்த்து நானே. ஆண்டவனே, இந்தச் சத்தத்துக்கு நான் என்னென்ன கொடுக்கத் தயாராக இருந்தேன்! கடைசியில் ஒரு மட்டமான மூடிக்குக் கிடைத்தது.

மே 10, சனி

களிமண்ணில் இவர் ஒரு கடைவாய்ப் பல் செய்தார். பூசணிக்காய் அளவு. அதை என் மடியில் வைத்து, கொஞ்ச நேரம் வாயை அசைத்து அசைத்துப் பார்த்து, “பல்லு” என்றார்.

அது மண்ணுக்கு வைத்த பெயர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

மே 17, சனி

இவருக்குக் காய்ச்சல். போகவில்லை. இன்று ஒரு சொல்லும் வரவில்லை. பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன், ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

மே 24, சனி

ஆறு புதுச் சொல். “அந்தாண்ட”, “ஈரம்”, “சீ”, “தள்ளு”, “அட”, “இன்னும்”. எல்லாமே எனக்கு இடுகிற கட்டளை!

ஜூன் 7, சனி

நான் செய்தது தப்புதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இவர் இன்று பெஞ்சை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தனியாக, ஒரே கையில் ஒரு செம்பு செய்தார். டீச்சர்கூடத் தொடவில்லை. ஒரு மணி நேரம். விரல் தடம் திட்டுத் திட்டாக, விளிம்பு அலை அலையாக. முடித்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் பக்கத்தில் இருந்தேன். கையில் ஈரப் பஞ்சு இருந்தது. விளிம்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஒரே ஒரு சுற்று, லேசாக, என்றுதான் வைத்தேன். கை நிற்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் செம்பு கடையில் வாங்கியது போல வழவழவென்று ஆகியிருந்தது.

பார்த்தார். முகம் சிவந்தது.

“ஏன்... ஏன் தொட்ட?”

“கோணலா இருந்துச்சுங்க, அதான் லேசா...”

“என்... என் விரலு! அழிச்சிட்ட!”

“ஒரு ஓரம்தான தேச்சேன், அதுக்குப் போயி...”

“போடி!”

போடி என்றார். ஷெட் நடுவில், எட்டுப் பேர் முன்னால். எனக்கும் சுருக்கென்று ஏறியது. “நல்லது பண்ணினா இப்படித்தான் பேசுவீங்க!” என்று நானும் கத்தினேன். டீச்சர் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றாள். பஸ்ஸில் இவர் முன் சீட், நான் பின் சீட்.

ஜூன் 8, ஞாயிறு

பேசவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து ஒரு சொல் இல்லை. ஆனால் பேச முடியாமல் கிடந்தவரோடு ஏழு மாதம் இருந்திருக்கிறேன். எனக்கு வித்தியாசம் தெரியாதா? இது அது இல்லை. இது என்மேல் கோபம். சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. கூடத்தில், நான் போகிற வருகிற வழியில், நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கிறார்.

நாத்தனார் வந்திருந்தாள். மதியம் சாப்பிட மேசையில் மூவரும் உட்கார்ந்தோம், நடுவில் அவள். இவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தார்.

“அவகிட்ட... சொல்லு. உப்பு... கம்மி.”

நாத்தனார் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. நாலு சொல், வரிசையாக, அண்ணன் வாயிலிருந்து. அவள் கண் நிறைந்துவிட்டது. கத்தவும் மறந்துபோய், “அண்ணி... அண்ணி, அண்ணன் என்ன சொல்லுதுன்னு...” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஆனால் போடி என்றவரிடம் நான் எதற்கு முதலில் பேச வேண்டும்? தட்டைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னேன்:

“உப்பு டப்பா அவருக்குக் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு, எடுத்துப் போட்டுக்கச் சொல்லு உங்கண்ணன.”